கள்ளக் கொப்பியும் மூலபாடமும்: ஒளிநாடாத் தேடல் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒளிநாடாக்கள் வழக்கொழிந்த பின்னர், அவற்றைத் தேடியலைந்த காலத்தைப் பற்றிய ஏக்கம் ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டது. அவ்வெழுத்துகளுள் அடிக்கடி இடம்பெறுவது, யப்பானிய இராட்சத விலங்குப் படங்களின் கள்ளக் கொப்பிகளைத் தேடிய அநுபவமாகும். 1980களிலும் 1990களிலும் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த ரசிகர்கள், தாமே நடத்திய சிற்றிதழ்களின் மூலமும், ரசிகர் கூடல்களில் இடப்பட்ட விற்பனை மேசைகளிலும், தபால் வழிப் பண்டமாற்றாலும் இந்நாடாக்களைப் பெற்றனர். கொப்பியிலிருந்து எடுத்த கொப்பியாதலால் நிறம் கசிந்திருக்கும், உருவம் நடுங்கும், உரையாடல் விளங்காது. எனினும் கிடைத்தற்கரிய பொருள் கைக்கு வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி இக்குறைகள் யாவற்றையும் மறக்கச் செய்தது. இன்று அப்படங்கள் துல்லியமான வடிவிற் கிடைக்கும்போது, அன்றைய மங்கலையே சிலர் நாடி நிற்கின்றனர்.

இந்த நினைவேக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். அதனை நாம் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், கல்முனையை மையமாகக் கொண்ட தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில் நின்று நோக்க விரும்புகிறோம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் இக்கரையிலும் அதே தசாப்தங்களில் ஒளிநாடா ஒரு சமூக நிகழ்வாக இருந்தது. இங்கே தேடப்பட்டவை பெரும்பாலும் தமிழகப் படங்களும் இந்திப் படங்களுமே. படங்கள் வேறாயினும், கொப்பி, தட்டுப்பாடு, தேடல் ஆகிய மூன்றும் இரு இடங்களுக்கும் பொதுவானவை. ஆதலின் ஒன்றைக் கொண்டு மற்றதை விளங்கிக்கொள்ளல் கூடும்.

இத்தகைய பொருள் ஆய்வுக்குரியதன்று எனக் கருதுவோரும் உளர். வணிகப் பொழுதுபோக்குப் படங்களை நச்சுக் கலை என ஒதுக்கும் போக்கு முற்போக்கு விமரிசனத்தில் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. ஆயின் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை ஓர் அரசியற் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் 1981ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. வெகுசனங்கள் எதனைப் பார்க்கின்றனர் என்பதோடு, அது எவ்வழியால் அவர்களை வந்தடைந்தது என்பதும் சமூக ஆய்வின் பாற்பட்டதே.

1. வெட்டப்பட்ட படம்

இராட்சத விலங்குப் படங்களுக்கு மூலமாகக் கொள்ளப்படுவது ‘கோஜிரா’. டோஹோ நிறுவனம் தயாரித்த இப்படம் 1954 நவம்பர் 3ஆம் திகதி யப்பானில் வெளியாயிற்று. இஷிரோ ஹோண்டா நெறியாள்கை செய்தார். தந்திரக் காட்சிகளை எய்ஜி சுபுராயா அமைத்தார். அகிரா இஃபுகுபே இசையமைத்தார். யப்பானில் ஏறத்தாழ 96 இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர்.

அவ்வாண்டின் மார்ச் 1ஆம் திகதி பிக்கினித் தீவில் ஐக்கிய அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுத் தூள், கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் இலக்க அதிர்ஷ்ட ட்ராகன்’ என்னும் யப்பானியப் படகின்மீது படிந்தது. அதிலிருந்த மீனவர் 23 பேரும் நோயுற்றனர். வானொலித் தொடர்பாளர் செப்ரெம்பர் மாதத்தில் மரணமானார். மீன் வாங்குவதற்கே மக்கள் அஞ்சினர். ‘கோஜிரா’ இந்த அச்சத்திலிருந்தே பிறந்தது. படத்தின் தொடக்கத்தில் முதலில் அழிவது ஒரு கப்பலும் அதன் உழைப்பாளருமே. அடுத்து அழிவது ஓடோ என்னும் தீவின் மீன்பிடிக் குடியிருப்பு. இராட்சத விலங்கு தலைநகருக்கு வருமுன் கடலோரத்தாரையே தாக்குகிறது என்பது கரைவலை இழுத்து வாழும் மக்களுக்கு விளக்கவேண்டிய உண்மையன்று.

ஹோண்டா போர்க்களத்திலிருந்து 1946இல் நாடு திரும்பும்போது ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். டோக்கியோ எரியும் காட்சிகளும், காயமுற்றோர் வரிசையாகக் கிடத்தப்பட்ட மருத்துவமனைக் காட்சிகளும், வெறும் வேடிக்கைக்காக அமைக்கப்பட்டவையல்ல என்பதைப் படத்தை ஊன்றி நோக்குவோர் உணர்வர்.

இப்படம் 1956இல் ஐக்கிய அமெரிக்காவிற் பரவலாகத் திரையிடப்பட்டபோது உருமாறியிருந்தது. 96 நிமிடப் படம் 80 நிமிடமாயிற்று. அந்த 80 நிமிடத்திலும் ஒரு பகுதி புதிதாக எடுக்கப்பட்டது. ரேமண்ட் பர் என்னும் நடிகர் ஓர் அமெரிக்கச் செய்தியாளராகச் சேர்க்கப்பட்டு, நிகழ்வுகள் யாவும் அவர் வாயிலாகச் சொல்லப்பட்டன. யப்பானியர் தம் துன்பத்தைத் தாமே கூறிய கதை, அயலார் ஒருவர் கண்டு கூறும் கதையாயிற்று. இம்மாற்றம் ஒன்றே ஒரு நூலளவு ஆராய்ச்சிக்கு உரியது.

எவை நீக்கப்பட்டன என்பதே முக்கியமானது. குண்டுச் சோதனை பற்றிய குறிப்பு முற்றாக நீக்கப்படவில்லை. நீக்கப்பட்டவை அக்குறிப்பை வரலாற்றோடு பிணைக்கும் இடங்களாகும். புகைவண்டியில் அமர்ந்திருக்கும் ஒரு பெண், நாகசாக்கியிலிருந்து தான் தப்பி வந்ததைச் சாதாரணப் பேச்சாகக் குறிப்பிடும் காட்சி போயிற்று. விலங்கு தோன்றியதன் காரணத்தை மக்களுக்கு வெளியிடுவதா, மறைப்பதா எனப் பாராளுமன்றத்திற் பெண் உறுப்பினர் வாதாடும் காட்சி போயிற்று. சோதனைகள் தொடருமாயின் இவ்விலங்கு மீண்டும் எங்கேனும் தோன்றும் என முதிய விஞ்ஞானி கூறும் இறுதி எச்சரிக்கையும் போயிற்று. அதற்குப் பதிலாக உலகம் மீண்டும் நிம்மதியாக வாழலாம் என்னும் ஆறுதல் வைக்கப்பட்டது. விலங்கு எஞ்சியது; அதனை எழுப்பியவர் மறைந்தனர். ஹொலிவூட் 1998இல் தானே தயாரித்த ‘கோட்ஸில்லா’வில், விலங்கின் பிறப்புக்குப் பிரெஞ்சு அணுச் சோதனைகள் காரணமாக்கப்பட்டமையையும் இதனோடு சேர்த்து நோக்குதல் தகும்.

வெட்டப்படாத யப்பானிய மூலம் ஐக்கிய அமெரிக்காவிற் பரந்த அளவில் திரையிடப்பட்டது 2004இல். இறுவட்டாக அங்கு வெளியானது 2006இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில், அம்மூலத்தைப் பார்க்க விரும்பியவர்க்குக் கள்ளக் கொப்பியே பெரும்பாலும் வழியாக இருந்தது. சட்டபூர்வமான பிரதி குறையுடையதாகவும், சட்டவிரோதமான பிரதி நிறைவுடையதாகவும் இருந்த விந்தை இது.

2. பாடபேதமும் பதிப்பும்

தமிழ் இலக்கிய மாணவர்க்கு இந்நிலை புதிதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டின் இறுதியிலே, யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச்சுவடிகளைத் தேடியலைந்தனர். கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் 1887இல் அச்சேறின. செல்லுக்கும் தீக்கும் தப்பிய ஏடுகளில் ஒன்று போல் ஒன்று இருக்கவில்லை. எழுதுவோன் பிழையும், வேண்டுமென்றே செய்த மாற்றமும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. எது தேய்வு, எது திருத்தம் எனப் பிரித்தறிதலே பதிப்பாசிரியர் தொழிலாயிற்று.

நாடாவிலும் இவ்விரண்டும் உள்ளன. கொப்பியிலிருந்து கொப்பி எடுக்குந்தோறும் நிறம் வெளிறுகிறது, இரைச்சல் கூடுகிறது. இது தேய்வு. நாகசாக்கிப் பெண்ணின் பேச்சை நீக்கியது தேய்வன்று, அது கைவைத்தல். மங்கலான கொப்பியொன்று கண்ணுக்குத் துன்பந்தரலாம். ஆனால் அதிற் காட்சி முழுமையாயின் அதுவே நம்பத்தக்க பாடம். துலக்கமான கொப்பியொன்று வெட்டுண்டதாயின் அது பிழைபட்ட பாடமேயாகும். நினைவேக்க எழுத்தின் பெருங்குறை, இவ்வேறுபாட்டை அது காணாமையாகும். அது தேய்வைப் போற்றுகிறது, கைவைத்தலை மறந்துவிடுகிறது. நாடாவின் மணமும் திரையின் நடுக்கமும் அதற்குப் போதும்.

சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஏடு தேடிய இன்பத்தை மறைத்தாரல்லர். ஊர் ஊராகச் சென்றமையும், ஒரு கட்டு ஏடு கண்டபோது அடைந்த களிப்பும் அதில் விரிவாகவே உள்ளன. அவ்வின்பத்தை நாம் மதிப்பதற்குக் காரணம், தேடல் பதிப்பில் முடிந்தமையே. தேடிய ஏட்டை வீட்டிற் பூட்டிவைத்து, தேடிய நாளை மட்டும் எண்ணி மகிழ்ந்திருப்பாராயின் இன்று அவரை எவரும் நினைவுகூரார்.

இதே அளவுகோலை நாடாத் தேடலுக்கும் பிரயோகிக்கலாம். அத்தேடலிற் பயனுள்ள பகுதி ஒன்று உண்டு. சிற்றிதழ் நடத்திய ரசிகர் சிலர் யப்பானிய மூலத்தையும் அமெரிக்க வடிவத்தையும் காட்சிக்குக் காட்சி ஒப்புநோக்கி எழுதினர். பல்கலைக்கழகங்கள் இவற்றைப் பொருட்படுத்தாத காலத்தில் அவர்கள் செய்த பணி பாடபேத ஆராய்ச்சிக்கு ஒப்பானது. மூலம் இறுவட்டாக வெளிவந்தபோது அவர்களுட் சிலரே விளக்கவுரை வழங்கினர். தேடல் பதிப்பில் முடிந்த இடம் இது. ஏனையது சேகரிப்பு மோகமேயாகும். அருமையைப் பெருமையாகக் கொள்ளும் நுகர்வு மனோபாவத்தின் ஒரு வடிவம் அது. தட்டுப்பாட்டை யார் உண்டாக்கினர் என்று கேளாமல் தட்டுப்பாட்டின் சுவையைப் பாடுவது, பஞ்சத்தைக் கேளாமற் கஞ்சியின் ருசியைப் பாடுவதை ஒக்கும்.

3. கரைக்கு வந்த நாடா

இனி நமது கரைக்கு வருவோம். இங்கும் தட்டுப்பாடு தானாகத் தோன்றியதன்று. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையிற் கொண்டது. தேசிய சினிமாவை வளர்த்தல் என்ற நோக்கம் நியாயமானதே. ஆயின் தமிழகப் படங்கள் குறைந்த எண்ணிக்கையிலும் காலந்தாழ்த்தியும் இந்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தன. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டதும் வெளிநாட்டு மின்சாதனங்கள் தாராளமாக வரத் தொடங்கின. 1979 ஏப்ரிலில் முதலாவது தொலைக்காட்சிச் சேவை ஆரம்பமாயிற்று. 1982 பெப்ரவரியில் யப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்த ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. வி. எச். எஸ். ஒளிநாடா முறையும் 1976இல் யப்பானிய நிறுவனமொன்று அறிமுகஞ் செய்ததே.

இக்கரை ஊர்களுக்கு இவ்வியந்திரம் வந்த முக்கிய வழி மத்திய கிழக்கு. நெசவும் மீன்பிடியும் வயற்செய்கையும் போதிய வருவாய் தராத குடும்பங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் முதலிய நாடுகளுக்குச் சென்றனர். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் நிறுவப்பட்டது. 1980களின் பிற்பகுதி தொடக்கம் அங்கு சென்ற இலங்கையருள் வீட்டுப் பணிப்பெண்களே பெரும்பான்மையினர். முகவருக்குக் கொடுத்த கடனை அடைத்து, கூரையை ஓடாக்கி, எஞ்சியதிற் கொண்டுவந்த பொருள்களுள் தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் அடங்கும்.

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பதிவான நாடாக்கள் பெட்டிகளுள் வந்தன. சவூதி அரேபியாவின் ஒளிபரப்பு முறை ஒன்று. இலங்கையின் முறை வேறொன்று. யப்பானிலும் அமெரிக்காவிலும் வழங்கியது பிறிதொன்று. ஒரு முறையிற் பதிந்த நாடா மற்ற முறைக்குரிய கருவியில் நிறமிழந்தோ உருண்டோதான் தோன்றும். பல முறைகளையும் ஏற்கும் கருவிக்கு ஊரில் இருந்த மதிப்பு இதனாலேயே உண்டாயிற்று. ஒரு வீட்டில் டெக் இருந்தால் அயலெல்லாம் அங்கு திரண்டது. நாடாக்கள் கைமாறின, கொப்பிகள் பெருகின.

இந்நிகழ்வின் சமூகப் பொருளை இரு நிலைகளிற் காணலாம். திரையரங்குக்குச் செல்லுதல் இவ்வூர்ப் பெண்களுக்கு எளிதாக இருக்கவில்லை. சினிமா கூடாதென்ற மார்க்க அபிப்பிராயமும், வெளியிற் செல்வதற்கான கட்டுப்பாடும் அதற்குக் காரணங்கள். டெக் திரையை வீட்டினுள் கொண்டுவந்தது. வயது முதிர்ந்த பெண்களும் பார்வையாளராயினர். இது முதலாவது நிலை. அந்த டெக்கை வாங்கிய பணம், அதே வீட்டுப் பெண்ணொருத்தி அந்நிய நாட்டு அடுக்களையில் ஆண்டுக்கணக்காக உழைத்த உழைப்பின் பயன் என்பது இரண்டாவது நிலை. ஊரார் கூடிப் படம் பார்த்த இரவுகளில், அக்கருவியை உழைத்துத் தந்தவள் பெரும்பாலும் அங்கிருக்கவில்லை. அவள் குரல் வேறொரு நாடாவில் இருந்தது. எழுதப் படிக்க இயலாதோரும், எழுத்துக்குள் அடங்காத துயரமுடையோரும் தம் குரலை ஒலிநாடாவிற் பதிந்து அனுப்பினர். அவற்றையும் டெக்கையும் கொண்டுவந்தவர்கள் ஒரே விமானத்திற் பயணஞ் செய்தவர்களே.

‘கோஜிரா’வை ஆக்கிய ஹோண்டா 1961இல் ‘மோஸ்ரா’ என்ற படத்தையும் நெறிப்படுத்தினார். அணுச் சோதனை நடந்த ஒரு தீவிலிருந்து இரு சிறு பெண்களை ஒரு வணிகன் கவர்ந்து சென்று நகர மேடையிற் காட்சிப்பொருளாக்குகிறான். அவர்களின் பாடலைக் கேட்டுத் தீவின் காவலான பேருருவ அந்து கடல் கடந்து வருகிறது. ஊரை விட்டுக் கொண்டுபோகப்பட்ட பெண்களின் குரலுக்குச் செவிசாய்க்க ஒரு சக்தி உண்டு என்ற கற்பனை அது. நமது பெண்களின் குரல் நாடாக்களுக்கு அத்தகைய செவி வாய்க்கவில்லை. வீட்டார் ஒருமுறை கேட்டு அழுதபின், அதே நாடாவிற் பாட்டுப் பதியப்பட்டது.

4. எஞ்சியவை எவை?

இங்கேதான் நினைவேக்கத்தின் வரையறை புலனாகிறது. இக்கரை ஊர்களிற் பிறந்து இன்று கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வாழ்வோர், டெக் காலத்தைப் பற்றி இனிமையாகவே பேசுகின்றனர். அவ்வினிமையைக் குறைகூறவேண்டியதில்லை. ஆயின் அவர்கள் நினைவுகூரும் தமிழகப் படங்கள் யாவும் வேறிடங்களிற் கிடைக்கின்றன. கிடைக்காதவை, இதே கருவியையும் இதே நாடாவையும் கொண்டு இவ்வூரார் தாமே பதிந்தவை. திருமண வீடுகள், பாடசாலை நாடகங்கள், மீலாத் விழாக்கள், கவியரங்குகள், களிகம்பாட்டம், அண்ணாவிமாரின் பாட்டு, முதிய பெண்கள் சொல்லிய கவிகள், வளைகுடாவிலிருந்து வந்த குரல்கள் ஆகியன அவை. திரைப்பட நாடாவுக்கு ஆயிரம் பிரதிகள் உண்டு. இவற்றுக்கு ஒரேயொரு பிரதி. ஏட்டுச்சுவடியோடு உண்மையில் ஒப்பிடத்தக்கவை இவையே.

அவற்றுட் பல அழிந்துவிட்டன. 1985இலும் 1990இலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது இக்கரையின் முஸ்லிம் ஊராரும் தமிழ் ஊராரும் வீடுகளை விட்டு ஓடினர்; வீடுகள் எரிந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய இடங்களில் நெருக்கமாக இருந்த கரையோர வீடுகள் தரையோடு போயின. கடற்கோளை ஓர் இராட்சத விலங்காக உருவகிப்பது எளிது. அது தவறான எளிமை. கடற்கோள் இயற்கையின் செயல். ஆயினும் அத்தனைபேர் கடலுக்கு அவ்வளவு அருகில், ஒருவர்மேல் ஒருவராகக் குடியிருந்தமைக்குக் காணித் தட்டுப்பாடே காரணம். அது மனிதர் ஆக்கியது. எதனை இயற்கை செய்தது, எதனை மனிதர் செய்தனர் எனப் பிரித்துக் கேட்கும் பழக்கத்தையே வெட்டப்படாத ‘கோஜிரா’ நமக்குக் கற்பிக்கிறது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்கள் அழிந்ததற்காகத் தமிழுலகம் துயருற்றது, இன்றும் துயருறுகிறது. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் அவ்வழிவைக் கவிதையாக்கினார். அச்சிட்ட நூலின் அழிவை அழிவாக உணரும் நாம், ஓர் உழைப்பாளிப் பெண்ணின் குரல் பதிந்த நாடா பூஞ்சணம் பிடித்துக் குப்பையிற் போவதை அழிவாக உணர்வதில்லை. எழுத்துக்கு நாம் தரும் மதிப்பில் ஒரு வர்க்கச் சார்பு உறைந்துள்ளது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

நம்மிடையே முன்மாதிரிகள் இல்லாமலில்லை. ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து அவற்றுக்கு இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுத் தந்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை மக்கள் வாய்மொழியிலிருந்து சேகரித்தார். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து அச்சு வெளியீடுகளைப் பல்லாயிரக்கணக்கில் பேணி வருகிறது. ஒலுவிலில் 1996 முதல் ஒரு பல்கலைக்கழகமே இயங்குகிறது. நாடாக்கள் மட்டும் தம் பதிப்பாசிரியரை இன்னும் பெறவில்லை.

செய்யவேண்டியவை தெளிவானவை. காந்த நாடாவின் ஆயுள் குறைவு. கடற்காற்றின் ஈரலிப்பில் அது மேலும் குறையும். இயங்கும் நிலையிலுள்ள டெக்குகளும், அவற்றைத் திருத்த வல்லோரும் அருகி வருகின்றனர். ஆதலின் வீடுதோறும் எஞ்சியுள்ள நாடாக்களுக்கு முதலில் ஒரு பட்டியல் வேண்டும். அடுத்து, அவை எண்ணிம வடிவுக்கு மாற்றப்படவேண்டும். மூன்றாவது, ஏட்டின் இறுதியில் எழுதுவோன் தன் பெயரையும் ஆண்டையும் குறித்ததுபோல, ஒவ்வொரு நாடாவுக்கும் யார் பதிந்தார், எந்நாட்டிலிருந்து வந்தது, எதன்மேல் எது பதியப்பட்டது என்ற குறிப்பு எழுதப்படவேண்டும். குடும்பத்தவரின், குறிப்பாகப் பதிவிலுள்ள பெண்களின், சம்மதமின்றி எதுவும் வெளியிடப்படலாகாது. மாணவர் சிலர் ஒரு விடுமுறைக் காலத்திற் தொடங்கக்கூடிய பணி இது.

யப்பானிய இராட்சத விலங்குப் படங்களைத் தேடிய ரசிகரிடமிருந்து நாம் கற்கவேண்டியது அவர்களின் ஏக்கத்தையன்று. அவர்களுட் சிறந்தோரின் பிடிவாதத்தையே. கிடைத்த பிரதியோடு அமையாது, இதில் எது வெட்டப்பட்டுள்ளது, யார் வெட்டினார், ஏன் வெட்டினார் என அவர்கள் கேட்டனர். அக்கேள்வியின் பயனாக, நாகசாக்கியிலிருந்து தப்பிய ஒரு பெண்ணின் குரல் அரை நூற்றாண்டின் பின் அமெரிக்கத் திரையில் ஒலித்தது. நமது கரைப் பெண்களின் குரல்களுக்கு அரை நூற்றாண்டு அவகாசம் இல்லை.